கருவி பெரிதா, கருமம் பெரிதா?

புதிய கருவி ஒன்றை வாங்கிவிட்டால் நிறுவனம் ஒன்று புதுமை எய்திவிடும் என்பது நம் காலத்து மூடநம்பிக்கைகளுள் முதன்மையானது. முன்னோர் நாள் பார்த்தனர், சகுனம் பார்த்தனர் என்று எள்ளி நகையாடும் கற்றோரே இந்நம்பிக்கையைச் சிறிதும் ஐயுறாது ஏற்றுப் போற்றுகின்றனர். கணனி வந்தால் தாமதம் நீங்கும். மென்பொருள் வந்தால் ஊழல் ஒழியும். செயற்கை நுண்ணறிவு வந்தால் சிந்திக்கும் தொல்லையே இல்லாதொழியும் என்று ஒவ்வொரு தலைமுறையும் தனக்கென ஒரு கருவியைத் தெய்வமாக்கிக் கொள்கின்றது. தெய்வம் மாறுகின்றதேயன்றி வழிபாடு மாறவில்லை.

இவ்வழிபாட்டினாற் பணம் விரயமாகின்றது என்பது மட்டுமே குறையாயின் அதனைக் கணக்காய்வாளரின் கவனத்துக்கு விட்டுவிட்டு நாம் வேறு பொருள்பற்றி எழுதலாம். பணத்தை இழந்த நிறுவனம் மீண்டும் பணம் தேடிக்கொள்ளும். கருவியின் பிழைக்காகச் சிறை சென்ற மனிதன் தான் இழந்த ஆண்டுகளைத் தேடிக்கொள்ளல் இயலாது. அத்தகைய மனிதர் ஒருவரல்லர், இருவரல்லர். சட்டத்தின் ஆட்சிக்குப் பேர்போன நாடொன்றிலே, நம் வாழ்நாளிலேயே, பலர் இருந்தனர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

புதிய தொழினுட்பத்தையும் நிறுவனத்தின் செய்முறையையும் எவ்வாறு பொருத்துவது என்னும் வினாவுக்கு இன்று இரண்டு விடைகள் கூறப்படுகின்றன. உலகின் தலைசிறந்த நிறுவனங்களின் செய்முறைகள் யாவும் மென்பொருளிலே பொதிந்து கிடக்கின்றன, ஆதலின் நிறுவனம் தன் பழைய வழக்கங்களைக் கைவிட்டு மென்பொருளுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பர் ஒரு சாரார். எங்கள் நடைமுறையில் ஓர் எழுத்தும் மாறலாகாது, கருவியே எங்களுக்கேற்ப வளைந்துகொடுக்க வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இவை ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும். உண்மையில் இவ்விரண்டும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். வேலையைச் செய்கின்றவன் அவ்வேலைபற்றி அறிந்திருப்பது என்ன என்று இரு சாராரும் கேட்பதில்லை. முந்திய சாரார் அவ்வறிவை வழக்கொழிந்தது என்று தள்ளுகின்றனர். பிந்திய சாரார் சுற்றறிக்கையில் எழுதப்பட்டிருப்பதே வேலை என்று நம்பி அவ்வறிவைக் காணாது விடுகின்றனர். இவ்விரு சாராரையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. நீராவியும் மின்சாரமும்

எடிசனின் மின்னிலையங்கள் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் 1882 இல் இயங்கத் தொடங்கின. ஆயினும் 1899 ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயந்திர இயக்கத்தில் மின்மோட்டர்களின் பங்கு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாகவே இருந்தது. மின்சாரத்தின் முழுப்பயனும் உற்பத்தித்திறனிலே புலப்பட 1920கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்துணை நீண்ட தாமதம் ஏன் நேர்ந்தது என்று பொருளியல் வரலாற்றறிஞர் போல் டேவிட் 1990 இல் வெளியான தம் கட்டுரையொன்றிலே ஆராய்ந்தார். கணனி எங்கணும் காணப்படுகின்றதாயினும் உற்பத்தித்திறன் பற்றிய புள்ளிவிபரங்களில் மட்டும் காணப்படவில்லை என்னும் கருத்தை றொபேட் சோலோ என்ற பொருளியலாளர் 1987 இல் வெளியிட்டிருந்தார். அப்புதிருக்கு விடை தேடியே டேவிட் மின்சாரத்தின் வரலாற்றை நாடினார்.

நீராவித் தொழிற்சாலையிலே பெரும் எஞ்சின் ஒன்று; அது சுழற்றும் நீண்ட இரும்புத் தண்டு; தண்டிலிருந்து இறங்கும் வார்ப்பட்டிகள்; பட்டியின் எல்லைக்குள் நெருக்கி வைக்கப்பட்ட இயந்திரங்கள். எந்த இயந்திரம் எங்கே நிற்பது என்பதை வேலையின் ஒழுங்கு தீர்மானிக்கவில்லை, தண்டே தீர்மானித்தது. அதனாலேயே தொழிற்சாலைகள் மாடிமேல் மாடியாக உயர்ந்தன. மின்சாரம் வந்தபோது உரிமையாளர் பலர் எஞ்சினை அகற்றிவிட்டு அதனிடத்தில் ஒரு பெரிய மோட்டரை வைத்தனர். தண்டும் பட்டியும் அவ்வாறே இருந்தன. கருவி புதிதாயிற்று, கருமம் பழைய நிலையிலேயே நின்றது, பயனும் சிறிதாகவே கிட்டியது. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டர் பொருத்தி, தண்டை முற்றாக அகற்றி, பொருள் செல்லும் வழியை அனுசரித்து ஒரேதளக் கட்டடத்தில் இயந்திரங்களை நிரல்பட வைத்த பின்னரே மின்சாரம் தன் முழு வலிமையையும் காட்டிற்று.

இவ்வரலாற்றை மென்பொருள் விற்போர் தமக்குச் சார்பாக எடுத்துக்காட்டுவதுண்டு. 'பார்த்தீர்களா, கருவிக்கேற்ப நிறுவனம் மாறவேண்டும் என்றுதானே வரலாறு கூறுகின்றது?' என்பது அவர்களது வாதம். இது வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பதாகும். தன் ஒழுங்கை வேலையின்மீது திணித்தது நீராவித் தண்டு. மின்மோட்டரின் சிறப்போ, அத்திணிப்பிலிருந்து வேலையை விடுவித்தமையே. வேலையின் இயல்பான ஒழுங்கு எதுவோ அதன்படி தொழிற்சாலையை அமைக்க அது இடங்கொடுத்தது. ஆகவே புதிய தொழினுட்பம் ஒன்று வரும்போது கேட்கவேண்டிய வினா, இக்கருவி எதைக் கேட்கின்றது என்பதன்று. பழைய கருவியின் குறைபாட்டினால் நம் வேலையிற் புகுந்த கோணல்கள் எவை, அவற்றுள் எவற்றை இது நீக்கவல்லது என்பதே. இவ்வினாவுக்கு விடைகூற விற்பனையாளனால் இயலாது. கோணலோடு நாள்தோறும் மல்லாடுபவனே விடைகூறுவான்.

2. நிலக்கரிச் சுரங்கம் காட்டிய உண்மை

இதனை மெய்ப்பித்த ஆய்வு இன்று நேற்று எழுந்ததன்று. இலண்டனிலுள்ள ரவிஸ்ரொக் நிறுவகத்தைச் சேர்ந்த எரிக் றிஸ்ற், கென் பாம்போத் ஆகிய இருவரும் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்கள் பற்றிய தம் ஆய்வை 1951 இல் வெளியிட்டனர். பாம்போத் முன்னர்ச் சுரங்கத் தொழிலாளியாக உழைத்தவர். சுரங்கத்தின் இருளை ஏட்டிலே படித்தவரல்லர், கண்ணாரக் கண்டவர்.

பழைய முறையிலே இருவரோ மூவரோ கொண்ட சிறு குழு, ஒருவரையொருவர் தாமே தேர்ந்துகொண்டு, கரியை வெட்டுதல் முதல் ஏற்றுதல் ஈறாக முழு வேலையையும் தாமே செய்து முடித்தது. கூரையிலே விரிசலின் ஒலி கேட்டால் என்ன செய்வதென்று அவர்கள் எவரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. வெட்டும் இயந்திரமும் கொண்டுசெல்லும் பட்டியும் வந்தபோது பொறியியலாளர் வேலையைத் தொழிற்சாலையைப் போலப் பகுத்தனர். ஒரு முறைமாற்றத்தினர் வெட்டுவர். அடுத்தவர் பட்டியை நகர்த்தி வழியமைப்பர். மூன்றாமவர் கரியை நிரப்புவர். தாளில் இது குறையற்ற திட்டமே. ஆனால் சுரங்கம் தாளன்று. முதல் முறைமாற்றத்தினர் விட்ட குறை மூன்றாமவரின் தலையில் விழுந்தது. முழு வேலைக்கும் பொறுப்பானவர் ஒருவரும் இல்லாதாயினர். ஒருவர்மீதொருவர் பழி சுமத்தினர். வேலைக்கு வராமை பெருகிற்று. எதிர்பார்த்த உற்பத்தி கிட்டவில்லை.

இயந்திரம் தீது என்று இவ்வாய்வாளர் முடிவுகட்டவில்லை என்பதே இங்கு உற்றுநோக்கத்தக்கது. றிஸ்றும் அவர்தம் துணைவரும் டேர்ஹம் சுரங்கங்களிலே பின்னர் நடத்திய ஆய்வு 1963 இல் நூலாக வந்தது. ஒரே வகை நிலத்தடிப் படையில், ஒரே வகை இயந்திரங்களைக் கொண்டு, இரண்டு வேறு விதமாக வேலையை ஒழுங்குசெய்த குழுக்களை அவர்கள் ஒப்பிட்டனர். முழு வேலைக்கும் கூட்டாகப் பொறுப்பேற்று, பல்வேறு பணிகளையும் தம்முள் மாறிமாறிச் செய்து, ஊதியத்தையும் ஒன்றாகப் பகிர்ந்துகொண்ட குழுவினரே கூடுதலாக உற்பத்தி செய்தனர். வேலைக்கு வராமையும் அவர்களிடையே குறைவாக இருந்தது. கருவி ஒன்றே, விளைவு இரண்டு. கருவியே செய்முறையைத் தீர்மானிக்கின்றது, எனவே தொழிலாளிக்கு அதிலே தெரிவு இல்லை என்னும் வாதம் அன்றே வீழ்ந்தது. வீழ்ந்த வாதத்தை இன்று 'தலைசிறந்த நடைமுறை' என்னும் புதுச்சட்டை உடுத்தி மீண்டும் எழுப்பி நிறுத்துகின்றனர்.

3. தேநீர்க்கடைக் கணனி

கருமம் முன்னும் கருவி பின்னுமாகச் சென்ற நிறுவனங்களும் உண்டு. வணிக வேலைக்கென முதன்முதலிற் கணனியை ஒழுங்காகப் பயன்படுத்தியது எந்த நிறுவனம் என்று மாணவரை வினவினால் அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்றின் பெயரையே பலரும் கூறுவர். அச்சிறப்புக்குரியது இலண்டனில் ரொட்டியும் கேக்கும் தேயிலையும் விற்று, நாடெங்கும் தேநீர்க்கடைகள் நடத்திய ஜே. லயன்ஸ் நிறுவனமேயாகும். அது தானே கட்டுவித்த லியோ என்னும் கணனி 1951 நவம்பரில் அடுமனைப் பண்டங்களின் பெறுமதியைக் கணிக்கும் வேலையைத் தொடங்கிற்று.

தேநீர்க்கடைக்காரர் எவ்வாறு கணனி செய்தனர் என்பதை நோக்குமிடத்து நமது வாதம் வலுப்பெறும். கணனி என்னும் எண்ணமே எழாத காலத்திலிருந்து அந்நிறுவனத்தில், எழுதுவினைஞரின் வேலைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, வேண்டாதன களைந்து, வேண்டுவன எளிதாக்கும் பிரிவொன்று இயங்கிவந்தது. கேம்பிரிட்ஜிற் கணிதம் பயின்ற ஜோன் சிமன்ஸ் அதற்கு வழிகாட்டியாக இருந்தார். 1947 இல் அந்நிறுவனத்தார் இருவர் அமெரிக்கா சென்று கணனிபற்றி அறிந்து மீண்டபோது, அதற்கு எவ்வேலையைக் கொடுப்பது என்பது அவர்களுக்கு முன்னரே தெரிந்திருந்தது. கருவியை வாங்கிவிட்டு வேலையைத் தேடியவர்களல்லர். வேலையை அறிந்துகொண்டு கருவியைத் தேடியவர்கள்.

தேநீர்க்கடைகளுக்கு நாள்தோறும் பண்டம் அனுப்பும் வேலையை அவர்கள் கணனிக்கு மாற்றிய விதம் மிகவும் படிப்பினை தருவது. ஒவ்வொரு கடையின் முகாமையாளரும் தமக்கு வேண்டிய பண்டங்கள் அனைத்தையும் நாள்தோறும் எழுதியனுப்ப வேண்டியிருந்தது. நேற்று வேண்டியதே பெரும்பாலும் இன்றும் வேண்டும் என்பதைக் கண்ட திட்டமிடுவோர், வழமையான கட்டளையைக் கணனியிற் பதிந்துவைத்து, மாற்றங்களை மட்டும் தொலைபேசியிற் கேட்டுப் பதிவுசெய்தனர். கடை முகாமையாளரின் சுமை குறைந்தது. நாளை மழையா வெயிலா, பக்கத்து வீதியில் விழாவா என்பவற்றை அறிந்த அவரது தீர்மானம் அவரிடமே இருந்தது. கருவிக்குரியது எது, மனிதருக்குரியது எது என்பதை வேலையை அறிந்தோர் பிரித்த பிரிவு இது. பொருத்துதல் என்பது இதுவே.

4. எதிர்வாதிகளுக்கு விடை

இனி எதிர்வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். மைக்கல் ஹமர் 1990 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலே, பழைய வேலையை அவ்வாறே கணனியில் ஏற்றாதீர்கள், அவ்வேலையையே துடைத்தழியுங்கள் என்று முழங்கினார். அவர் காட்டிய சான்று போர்ட் மோட்டர் நிறுவனம். அதன் கொடுப்பனவுப் பிரிவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர். கொள்வனவுக் கட்டளை, பொருள் வந்த சான்று, விற்றவரின் பட்டியல் ஆகிய மூன்றையும் ஒப்புநோக்குவதிலேயே அவர்களது காலம் கழிந்தது. விற்றவரின் பட்டியலையே ஒழித்துவிட்டு, பொருள் வந்து சேர்ந்தவுடன் கட்டளையோடு ஒப்பிட்டுப் பணம் கொடுக்கும் முறை புகுத்தப்பட்டபோது அப்பிரிவின் ஆளணி நாலில் மூன்று பங்கு குறைந்தது.

ஹமர் இங்கே கூறியது உண்மையே. நாம் அதனை மறுக்கவில்லை. பயனற்ற வேலையைக் கணனியில் ஏற்றினால் அது விரைவாகச் செய்யப்படும் பயனற்ற வேலையாகவே இருக்கும். ஆனால் போர்ட்டில் நிகழ்ந்தது என்ன? எந்த ஒப்புநோக்கு வேண்டியது, எது வேண்டாதது என்று வேலையின் உட்புகுந்து ஆராய்ந்தமையே அவ்வெற்றிக்குக் காரணம். துடைத்தழித்தல் ஆராய்வின் விளைவாக வந்தது. ஆராய்வுக்குப் பதிலாக வரவில்லை. ஹமரின் முழக்கத்தைக் கேட்டோர் ஆராய்வை மறந்து அழிப்பை மட்டும் கைக்கொண்டனர். 1990களிலே அம்முழக்கம் ஆட்குறைப்புக்கு மறுபெயராயிற்று. அவ்வியக்கத்தின் தொடக்ககாலத் துணைவருள் ஒருவரான தோமஸ் டவன்போட் தாமே 1995 இல், மனிதரை மறந்த மோகம் அது என்று எழுதவேண்டியதாயிற்று.

மற்றைச் சாராருக்கும் விடை கூறவேண்டும். ஜேர்மனியின் லிடில் நிறுவனம் தன் கடைகளின் சரக்கு முகாமைக்காக 2011 இல் தொடங்கிய மென்பொருள் திட்டத்தை, ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவாகிய பின்னர், 2018 இற் கைவிட்டது. சரக்கைக் கொள்விலையிற் கணிப்பது அந்நிறுவனத்தின் வழக்கம். மென்பொருளோ விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டது. வழக்கத்தை மாற்ற நிறுவனம் இசையவில்லை. ஆகவே மென்பொருளை வெட்டியும் ஒட்டியும் வளைத்தனர் என்று அந்நாளிற் செய்திகள் வெளிவந்தன. தன் வழக்கத்தைப் பேணுவது குற்றமன்று. அவ்வழக்கம் தன் தொழிலின் உயிரா அல்லது வெறும் பழக்கமா என்பதைத் தொடக்கத்திலேயே தெளியாமை குற்றம். உயிராயின் அக்கருவியை வாங்கியிருத்தல் ஆகாது. வெறும் பழக்கமாயின் அதனை மாற்றியிருத்தல் வேண்டும்.

5. சம்பளப் பட்டியலும் அறிவிழந்த அலுவலகமும்

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை 2010 மார்ச்சில் ஏறத்தாழ 80,000 ஊழியருக்கான புதிய சம்பள முறைமையைத் தொடங்கிற்று. தாதியரும் வைத்தியரும் தொழிலாளரும் சம்பளமின்றியும், குறைந்த சம்பளத்துடனும், சிலர் கூடிய சம்பளத்துடனும் திகைத்து நின்றனர். விசாரணை ஆணைக்குழு 2013 இல் அதனைப் பொதுநிருவாகத்தின் மிகப் பெருந்தோல்விகளுள் ஒன்றாகக் கணித்தது. அதனால் விளையும் மொத்தச் செலவு 120 கோடி அவுஸ்திரேலிய டொலர் என மதிப்பிடப்பட்டது.

மருத்துவமனையின் சம்பளம் எளிய கணக்கன்று. இரவுப்பணி, மேலதிகப் பணி, அழைப்புப் பணி, விடுமுறைப் பணி, தொழிற்சங்க உடன்படிக்கைகள் எனப் பலவும் பின்னிக் கிடப்பன. இச்சிக்கலை ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருந்த சம்பள இலிகிதர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். புதிய முறைமை வந்த வேளையிலேயே அவர்களைப் பொதுமையங்களுக்கு மாற்றி, ஊழியரோடு அவர்களுக்கிருந்த நேர்த்தொடர்பையும் அறுத்தனர். முறைமை தடுமாறியபோது தாங்கிப் பிடிக்கவல்ல கை அவ்விடத்தில் இல்லை.

இத்தோல்வி உலகறிந்ததாகிய பின்னரும் கனடாவின் கூட்டாட்சி அரசாங்கம் 2016 இல் பீனிக்ஸ் என்னும் சம்பள முறைமையைத் தொடங்கி அதே குழியில் வீழ்ந்தது. பல திணைக்களங்களிற் பரவியிருந்த அனுபவமிக்க சம்பள ஆலோசகர்களின் பதவிகள், முறைமை செயற்படுமா என்று தெளியுமுன்னரே, ஒழிக்கப்பட்டன. நியூ பிரன்ஸ்விக்கிலுள்ள மிரமிச்சி நகரின் ஒரே மையத்திடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. ஆண்டுதோறும் 7 கோடி டொலர் மிஞ்சும் என்று கணக்கிட்டனர். சீர்செய்யச் சென்றதோ பன்மடங்கு. ஏறத்தாழ 290,000 ஊழியருட் பாதிக்கு மேற்பட்டோர் சம்பளப் பிழைகளால் அல்லலுற்றனர். புரிந்துகொள்ளவியலாத தோல்வி என்று அந்நாட்டுக் கணக்காய்வாளர் தலைமையதிபதி 2018 இல் அதனை வருணித்தார்.

அவர் வருணனை ஒருபுறமிருக்க, நம் நோக்கில் அது எளிதிற் புரிந்துகொள்ளக்கூடியதே. இலிகிதரின் அறிவை அறிவென்று கருதாதவன் அதனைச் செலவென்றே கருதுவான். செலவென்று கருதியதை வெட்டுவான். வெட்டிய பின்னரே, அது நிறுவனத்தைத் தாங்கிய தூண் என்பது கூரை விழும் ஓசையால் அவனுக்குத் தெரியவரும்.

6. உப தபாலதிபர்களின் வழக்கு

இவை யாவற்றிலும் கொடியது பிரித்தானியத் தபாற் சேவையிலே நிகழ்ந்தது. ஹொறைசன் என்னும் கணக்கு முறைமை, அரசாங்க உதவிப்பணத்தை அட்டைமூலம் வழங்கவும் தபாற் கந்தோர்களைக் கணனிமயமாக்கவும் ஒருங்கே நோக்கங்கொண்டு 1996 இல் ஒப்பந்தஞ் செய்யப்பட்ட திட்டத்திலிருந்து பிறந்தது. உதவிப்பணம் வழங்கும் பகுதி 1999 இற் கைவிடப்பட்டது. எஞ்சிய பகுதியே நாடெங்கும் உள்ள தபாற் கந்தோர்களில் 1999 முதல் நிறுவப்பட்டது. ஒன்றுக்கெனத் தொடங்கியது வேறொன்றின் தோளிலே ஏற்றப்பட்டது.

பழைய கடதாசிக் கணக்கிலே குறைவு நேர்ந்தால் உப தபாலதிபர் பற்றுச்சீட்டுகளைப் புரட்டிப் பிழையைக் கண்டுபிடிப்பார். புதிய முறைமையிலே திரையில் ஒரு தொகை தோன்றும். அது எவ்வாறு வந்தது என்பதைத் துருவியறிய அவருக்கு வழி இருக்கவில்லை. ஆனால் குறைவுக்கு அவரே பொறுப்பு என்று வற்புறுத்திய பழைய ஒப்பந்தம் மட்டும் மாறாது நின்றது. கணக்கைக் காணும் ஆற்றலைக் கருவி பறித்தது. கணக்குக்கான பொறுப்பை நிறுவனம் அவர்மேலேயே விட்டுவைத்தது. பொருந்தாமை என்று நாம் இதுகாறும் கூறிவந்தது இங்கே முழுக் கொடுமையோடு வெளிப்படுகின்றது.

மென்பொருளிலே பிழைகள் இருந்தன. நிறுவனமோ தன் கருவியை நம்பியது; தன் மனிதரை நம்பவில்லை. 1999 இற்கும் 2015 இற்குமிடையில் 900 இற்கு மேற்பட்டோர் களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்கு ஆளாக்கப்பட்டனர். இவர்களுட் பெரும்பாலார்மீது வழக்குத் தொடுத்தது தபால் நிறுவனமேயாகும். பலர் சிறை சென்றனர், பலர் வீடிழந்தனர், ஊராரின் ஏச்சுக்கு ஆளாயினர், சிலர் தம் உயிரையே மாய்த்துக்கொண்டனர். கணனிச் சான்றை ஏற்குமுன் அக்கணனி சரியாக இயங்கியதென நிறுவவேண்டும் என்ற விதியை அந்நாட்டுப் பாராளுமன்றம் 1999 இல் இயற்றிய சட்டத்தால் நீக்கியிருந்தது. கருவி வழிபாடு நீதிமன்றத்தின் வாயிலையும் தாண்டி உள்ளே சென்றுவிட்டது.

அலன் பேற்ஸ் என்னும் முன்னாள் உப தபாலதிபர் தலைமையில் 555 பேர் தொடுத்த வழக்கிலே, மேல் நீதிமன்றம் 2019 டிசெம்பரில் முறைமையின் பிழைகளை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2021 ஏப்பிரலில் 39 பேரின் தண்டனைகளை மேன்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. 2024 மே மாதத்திலே தனிச்சட்டம் ஒன்றினால் எஞ்சிய தண்டனைகள் பெருந்தொகையாக நீக்கப்பட்டன. நீதி வந்தது, வருமுன் சிலர் இறந்துபோயினர்.

7. நாம் கேட்கவேண்டிய வினாக்கள்

மேற்போந்த வரலாறுகளை அறிந்தபின் பொருத்தம் என்பதைத் தொழினுட்பவியலாளரின் தனிச்சொத்தாக விட்டுவிடல் தகாது. அது அதிகாரம் பற்றிய வினா. அறிவு பற்றிய வினா. நீதி பற்றிய வினா. வள்ளுவர் வினைசெயல்வகையிலே எண்ணிப்பார்க்க வேண்டியனவாக ஐந்தைக் கூறுமிடத்துக் கருவியை அவற்றுள் ஒன்றாகவே வைத்தார். நம் காலமோ மற்றை நான்கையும் மறந்து அவ்வொன்றையே ஐந்துமாக்கிக் கொண்டது.

ஆகவே எந்த நிறுவனத்திலாயினும் புதிய தொழினுட்பம் புகுத்தப்படுமுன் மூன்று வினாக்கள் எழுப்பப்படல் வேண்டும் என்பது நம் கோரிக்கை. வேலை உண்மையில் எவ்வாறு நடைபெறுகின்றது என்பது அதனைச் செய்வோரிடமே கேட்டறியப்பட்டதா? கருவி பிழைக்குமாயின் அதனைக் கண்டறியும் வழியும் எதிர்த்துரைக்கும் உரிமையும் கீழே நிற்பவனுக்கு உண்டா? புதியது நிலைபெறும்வரை பழையதும், அதனை அறிந்த மனிதரும் காக்கப்படுவரா? இவற்றுள் ஒன்றுக்கேனும் 'இல்லை' என்பது விடையாயின், அக்கருவி எத்துணைச் சிறந்ததாயினும் அந்நிறுவனம் அதற்கு ஆயத்தமாகவில்லை என்பதே பொருள்.

இவ்வினாக்களால் முன்னேற்றம் தாமதமாகும் என்று கூறுவர். தாமதமாகட்டும். குயின்ஸ்லாந்திலும் கனடாவிலும் தாமதிக்க மறுத்தவர்கள் சிக்கெடுப்பதிற் கழித்த ஆண்டுகளோடு ஒப்பிடுகையில் அத்தாமதம் சிறிதே. தொழிலாளர் எப்பொழுதும் மாற்றத்தை எதிர்ப்பவர், அவர்களைக் கேட்பதாற் பயனில்லை என்றும் கூறுவர். டேர்ஹம் சுரங்கத் தொழிலாளர் இயந்திரத்தை எதிர்க்கவில்லை. அதனைக்கொண்டு கூடுதலாகவே உற்பத்தி செய்தனர். தம்மை இயந்திரத்தின் உறுப்பாக்கிய ஒழுங்கையே வெறுத்தனர்.

செயற்கை நுண்ணறிவு அலுவலகங்களிலே புகுந்துகொண்டிருக்கும் இந்நாளில் இவ்வினாக்கள் முன்னையினும் கூர்மை பெறுகின்றன. ஹொறைசன் ஒரு கூட்டற் கணக்குப் பொறி. அதன் பிழையை நிறுவவே இருபதாண்டு சென்றது. தன் முடிவுக்குக் காரணம் கூறவியலாத முறைமை ஒன்று கடன் வழங்குவதையும் வேலை வழங்குவதையும் தீர்மானிக்குமாயின், பாதிக்கப்பட்டவன் எதைப் புரட்டித் தன் நியாயத்தை நிறுவுவான்?

இவ்விதழைப் படிக்கும் மாணவருட் பலர் நாளை திணைக்களங்களிலும் வங்கிகளிலும் கூட்டுத்தாபனங்களிலும் தீர்மானம் எடுக்கும் நாற்காலிகளில் அமர்வர். அவர்கள் முன்னே அழகிய படங்களோடும் ஆங்கிலச் சொல்லடுக்குகளோடும் ஒரு கருவி விற்பனைக்கு வந்து நிற்கும். கையொப்பமிடுமுன் அவர்கள் எழுந்து கீழ்த்தளத்துக்குச் செல்லட்டும். அங்கே பல்லாண்டாகப் பேரேட்டோடு மல்லாடிய இலிகிதரிடம், மக்களின் கேள்விகளுக்கு முகங்கொடுக்கும் சிற்றூழியரிடம் கேட்கட்டும். அவர் கூறுவது முழுவதும் சரியாக இராது. ஆனால் அவர் கூறாதுவிட்டால் மற்றெவராலும் கூறவியலாதன அதில் இருக்கும். அவ்வறிவைத் துணைக்கொள்ளும் நிறுவனமே கருவியை ஆளும். அதனைத் துறந்த நிறுவனம், தன் கருவி எதைச் சொன்னாலும் தலையசைப்பதன்றி வேறொன்றும் அறியாததாகும்.